டின்னில் வந்த பியரும் முட்டியில் வந்த கள்ளும்: வன்னியில் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் இரவு ஒரு மணிக்கு வெடிச் சத்தம் கேட்டால், நாற்பது வயதைத் தாண்டிய எவரும் எழுந்து உட்கார மாட்டார்கள், தரையோடு படுத்துவிடுவார்கள். சென்ற வைகாசியில் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. சற்றுப் பொறுத்து டோர்ச் அடித்துப் பார்த்தால், குசினி மூலையில் கொய்யாப்பழ நிறத்தில் ஒரு குளம். மருமகன் கனடாவிலிருந்து கொண்டுவந்த ஆறு பியர் டின்களில் ஒன்று வயிறு பிளந்து கிடந்தது. வற்றாப்பளைப் பொங்கல் முடியும்வரை எவரும் அதைத் தொடக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தபடியால், ஐந்து நாட்களாக அது அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் வெக்கையில் இருந்திருக்கிறது.

விடியும்வரை சுவரில் ஒட்டிய பழச்சதையைத் துடைத்தோம். பெரியப்பா திண்ணையில் இருந்தபடி, “முட்டியின் வாயை இறுகக் கட்டிவைத்தால் கள்ளு என்ன செய்யும்? அதைத்தான் இதுவும் செய்திருக்கிறது” என்றார். இளவயதில் பூநகரிப் பக்கம் சீவல் தொழில் செய்தவர். டின்னின் பின்புறம் ‘எப்போதும் குளிரில் வைக்கவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை, மருமகனும் நானும் அதன் பிறகுதான் வாசித்தோம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் இப்போது விஸ்கிப் போத்தலுக்குப் பதிலாக இப்படிப்பட்ட டின்கள் வருகின்றன. இரண்டு ஆலைகள் சேர்ந்து காய்ச்சியது, மாம்பழம் போட்டது, பாண் போட்டது, காட்டு மதுவத்தில் (ஈஸ்ட்) நொதித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. திறக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், எப்படி ஊற்ற வேண்டும், எதை நம்ப வேண்டும் என்று தெரியாமல் முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடிக்காதவர்கள் குடிக்கத் தொடங்குவதற்காக எழுதவில்லை. குடியால் சரிந்த குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

பெட்டியைத் திறந்தவுடன்

முதல் வேலை குளிர்சாதனப் பெட்டியில் இடம் ஒதுக்குவது. வாசிப்பது, படம் எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

பியரைக் கெடுப்பவை வெப்பம், வெளிச்சம், நாட்பட்ட இருப்பு. முதல் இரண்டுக்கும் வன்னியில் பஞ்சமில்லை. வெப்பம் 10 பாகை கூடும்போதெல்லாம் பழுதாகும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும் என்பது ஆலைக்காரர்களின் கைக்கணக்கு. சோளகம் வீசும் காலத்தில் 35 பாகையைத் தொடும் ஓட்டு வீட்டில், மாதக்கணக்கில் நிற்க வேண்டிய பியர் நாட்கணக்கில் முகம் மாறிவிடும்.

வெடித்த டின்னுக்குக் காரணம் இன்னும் நேரடியானது. பழக்கூழைத் தாராளமாகச் சேர்த்த புளிப்பு பியர்களில் சீனி மிச்சமிருக்கும். சிலவற்றில் உயிருள்ள மதுவமும் இருக்கும். குளிரில் மதுவம் தூங்கும். வெக்கையில் விழித்துக்கொண்டு மிச்சச் சீனியைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடும். மூடிய டின்னில் அது எங்கே போகும்? ஆகவே பழக்கூழ், ஸ்மூதி போன்ற சொற்கள் டின்னில் தென்பட்டால் அதற்குக் குளிர்சாதனப் பெட்டியில் முதலிடம் கொடுங்கள். மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். ஏற்கெனவே உப்பிய டின்னைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்கும் அதிபுத்திசாலி உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரைக் குசினிக்குள் விடாதீர்கள்.

வெளிச்சத்தின் கதை வேறு. பியருக்குக் கைப்பைத் தரும் ஹொப்ஸ் பூவிலிருந்து வரும் பொருட்கள் சூரிய ஒளி பட்டதும் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றப் பொருளாக மாறும். கபில நிறப் போத்தல் இதைப் பெருமளவு தடுக்கும். பச்சைப் போத்தலும் நிறமற்ற போத்தலும் தடுப்பது குறைவு. டின்னுக்கு இந்தக் கவலையே இல்லை. கிளாஸில் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தாலும் சில நிமிடங்களில் இது நடக்கும்.

இருட்டும் ஓரளவு குளிர்ச்சியும் உள்ள இடத்தில் நாட்பட வைக்கக்கூடியவையும் உண்டு. மதுசாரம் கூடிய கரிய ஸ்டவுட், தக்கை அடைத்த பெல்ஜியப் புளிப்பு பியர் ஆகியவை அவை. குளிர்ப்பெட்டியில் இடம் போதாவிட்டால் இவற்றைத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

டின்னில் எழுதியிருப்பதை வாசிப்பது

படத்தை விடுங்கள். இந்த ஆலைகளுக்குப் படம் கீறுபவர்கள் கெட்டிக்காரர்கள். உள்ளே இருப்பதற்கும் அந்தப் படத்துக்கும் பல நேரம் தொடர்பே இருக்காது. முதலில் மதுசார வீதத்தைத் தேடுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண லாகர் 4.8 வீதம், பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். அதில் தூய மதுசாரம் 30 மில்லிலீற்றர் இருக்கும். மருமகன் கொண்டுவந்ததில் ஒன்று 12 வீத ஸ்டவுட், 330 மில்லிலீற்றர் டின். சிறிய டின்தானே என்று ஒருவரே குடித்தால் அவருக்குள் போவது ஏறக்குறைய 40 மில்லிலீற்றர். பாதி அளவுள்ள டின் முழுப் போத்தலை விஞ்சுகிறது. ‘டபிள்’, ‘ட்ரிப்பிள்’, ‘இம்பீரியல்’ என்ற சொற்கள் அநேகமாக இதற்கான எச்சரிக்கைகள். இவ்வகை டின்னை நாலு பேருக்கு ஊற்றுவதுதான் வழக்கம். அவ்வாறு குடித்தாலும் மோட்டார் சைக்கிள் திறப்பைக் குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஏ9 வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும்.

அடுத்தது திகதி. டின்னின் அடியில் சிறிய எழுத்தில் அடைத்த நாள் இருக்கும். ‘ஐ.பி.ஏ.’ (இந்தியா பேல் ஏல்) என்று எழுதியிருந்தால் அந்தத் திகதிதான் எல்லாம். ஹொப்ஸ் மணத்துக்காகவே காய்ச்சப்படும் பியர் அது. மணம் முதலில் ஓடிவிடும். கலங்கலாக, பழச்சாறு போல இருக்கும் ‘ஹேஸி’ வகை இன்னும் மென்மையானது, காற்றுப் பட்டால் கறுக்கும். அடைத்து மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். குறைந்தால் இன்னும் நல்லது. விடியற்காலையில் இறக்கிய கள்ளைப் பின்னேரம் குடித்துவிட்டுப் பனையைக் குறை சொல்வதில் நியாயமில்லை அல்லவா?

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். லாகர், பில்ஸ்னர் என்றால் தெளிந்தது, இலேசானது. ஸ்டவுட் என்றால் கருக வறுத்த தானியத்தால் கறுத்தது. சவர் என்றால் புளிப்பு. ‘மில்க் ஸ்டவுட்’ என்பதில் பாற்சீனி சேர்ந்திருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும். கச்சான், கஜு போன்றவை ஒவ்வாதவர்கள் சேர்மானப் பட்டியலை இறுதிவரை வாசிக்க வேண்டும்.

ஸ்டவுட் பற்றி ஒரு சின்னப் பெருமை. நம் நாட்டு லயன் ஸ்டவுட் 8.8 வீதம். நுவரெலியாக் குளிரில் தொடங்கிய ஆலையின் சரக்கு. இங்கே அதை ‘உடம்புக்குச் சூடு’ என்று சொல்லி முட்டை அடித்துக் குடித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். உலகம் அறிந்த பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இங்கிலாந்துக்காரர்) அதைத் தேடி வந்து குடித்துப் புகழ்ந்தார். புதிதாகத் தொடங்குபவர் டின்னுக்காகக் காத்திருக்காமல் இதிலிருந்தே ஸ்டவுட்டின் சுவையைப் பழகலாம்.

‘கூட்டு’ என்று போட்டிருந்தால்

ஒரே டின்னில் இரண்டு ஆலைகளின் பெயர், நடுவில் ஒரு பெருக்கல் குறி. இதைத்தான் கூட்டு வெளியீடு என்கிறார்கள். போட்டிக் கடைக்காரர்கள் இருவர் ஒரே அடுப்பில் சமைப்பது போன்ற இந்தப் பழக்கம் எனக்கு முதலில் நம்பும்படியாக இல்லை. விசாரித்தபோது கிடைத்த கதைகள், பியரை விடவும் சுவையாக இருந்தன.

கொலராடோவின் ஏவரி, கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆகிய இரு ஆலைகளும் ‘சால்வேஷன்’ என்ற ஒரே பெயரில் ஆளுக்கொரு பியர் வைத்திருந்தன. வழக்குப் போட வேண்டிய இடத்தில் உரிமையாளர்கள் இருவரும் அமர்ந்து பேசி, இரண்டு பியரையும் ஒன்றாகக் கலந்து 2006 இல் விட்டார்கள். அதற்கு வைத்த பெயரின் பொருள் ‘வழக்கல்ல, கூட்டு’. வேலி எல்லைக்காக இருபது வருடம் கிளிநொச்சி நீதிமன்றத்துக்கு நடந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம்.

அடுத்த ஆண்டு, ஜேர்மனியின் பழம்பெரும் கோதுமை பியர் ஆலையான ஷ்னைடரும் நியூயோர்க்கின் புரூக்ளின் ஆலையும் சேர்ந்தன. ஹான்ஸ் பீட்டர் ட்ரெக்ஸ்லர், காரெட் ஒலிவர் என்ற இரு காய்ச்சும் வல்லுநர்கள் ஒருவர் ஆலைக்கு மற்றவர் போய், ஒரே எண்ணத்தை இரண்டு கைப்பக்குவத்தில் செய்தார்கள். கோதுமை பியரில் ஹொப்ஸை அள்ளிப் போடுவது பவேரியாவில் அப்போது துணிச்சலான காரியம். பார்லி, ஹொப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று 1516 இலேயே சட்டம் போட்ட நாடு அது. அந்தச் சட்டத்தில் மதுவத்தின் பெயரே இல்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. நொதிக்க வைப்பவனைப் பற்றி அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது வகை, துயரத்தில் பிறந்தது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பரடைஸ் என்ற ஊர் காட்டுத்தீயில் எரிந்து போனது. பக்கத்து ஊரான சிக்கோவிலிருக்கும் சியரா நெவாடா ஆலை ஒரு ஐ.பி.ஏ. செய்முறையை எல்லோருக்கும் திறந்துவிட்டு, “இதையே நீங்களும் காய்ச்சுங்கள், விற்ற பணத்தை வீடிழந்தவர்களுக்குக் கொடுங்கள்” என்றது. 1,400 க்கும் மேற்பட்ட ஆலைகள் காய்ச்சின. 2020 இல் டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் வெதர்ட் சோல்ஸ் ஆலையைச் சேர்ந்த மார்கஸ் பாஸ்கர்வில், கறுப்பின மக்களுக்கு நீதி கேட்டு ஒரு கரிய ஸ்டவுட் செய்முறையை இதே வழியில் பகிர்ந்தார். அதிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் சேர்ந்தன. இந்த வகை டின் கையில் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பெயரும் செய்முறையும் ஒன்றாக இருந்தாலும் காய்ச்சியவர் வேறு, எனவே சுவையும் வேறு. ‘நான் இதைக் குடித்திருக்கிறேன்’ என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நாலாவது வகை வெறும் விளம்பரம். பிஸ்கற் கம்பனி, சப்பாத்துக் கம்பனி, பாட்டுக் குழு என்று யாரோ ஒருவரின் சின்னம் டின்னில் இருக்கும். உள்ளே ஏற்கெனவே விற்ற பியரே இருக்கலாம். இதைப் பிரித்தறிய நான் மருமகனிடம் கேட்கும் கேள்விகள்: எந்த ஆலையின் அடுப்பில் காய்ச்சினார்கள்? விருந்தாளியாக வந்தவர் கையில் என்ன கொண்டுவந்தார், மதுவமா, தானியமா, ஒரு பக்குவமா, பெயர் மட்டுமா? விற்ற பணத்தில் பங்கு எங்கே போகிறது? கைபேசியில் ஆலையின் பக்கத்தைத் தட்டினால் நல்ல கூட்டுக்கு இவற்றுக்கு விடை இருக்கும். விடையே இல்லாவிட்டால் சின்னத்துக்குத்தான் விலை கொடுத்திருக்கிறோம்.

‘கைவினை’ என்ற சொல்லிலும் மயங்க வேண்டாம். அமெரிக்கப் பியர் ஆலைகளின் சங்கம் வைத்திருக்கும் வரையறைப்படி, ஆண்டுக்கு 60 இலட்சம் பீப்பாய்க்கு உட்பட்டால் அது சிறிய ஆலை. லீற்றரில் சொன்னால் ஏறக்குறைய 70 கோடி. நம் ஊர்ச் சீவல் தொழிலாளி ஒருவர் காலையும் மாலையும் ஏறி இறங்கிச் சேர்க்கும் கள்ளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும்.

விசித்திரங்களைக் கண்டால்

புதுமை என்ற பெயரில் நடப்பதற்கு அளவில்லை. ஓரிகன் மாநிலத்து ரோக் ஆலை, தன் காய்ச்சும் தலைவரின் தாடியிலிருந்து எடுத்த மதுவத்தில் ஒரு பியர் செய்தது. ஐஸ்லாந்தில் ஸ்டெத்யி என்ற சிறு ஆலை, ஆட்டுச் சாணப் புகையில் வாட்டிய திமிங்கில விதையைப் போட்டு 2015 இல் ஒன்றை வெளியிட்டது. அக்காவிடம் இதைச் சொன்னேன். “கோயில் முடியட்டும் என்று நான் சொன்னது சரிதானே” என்றாள்.

ஆனால் எல்லா விசித்திரமும் வேடிக்கையில்லை. சிங்கப்பூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் குடிநீரில் காய்ச்சிய ‘நியூபுரூ’வை, நாட்டின் நீர் நிறுவனமும் புரூவெர்க்ஸ் என்ற ஆலையும் சேர்ந்து செய்தன, 2018 இல் அறிமுகமாகி 2022 இல் கடைக்கு வந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மக்கள் யோசிக்க வேண்டும் என்பதே நோக்கம். லண்டனில் டோஸ்ட் என்ற ஆலை, விற்காமல் மிஞ்சும் பாணை மோல்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், ஒரு பகுதிக்குப் பதிலாகப் போடுகிறது. துருக்கியில் கோர்டியன் என்ற இடத்துக் கல்லறையில் கிடைத்த பாத்திரங்களின் அடிப்படிவை ஆராய்ந்து, பார்லி, தேன், திராட்சை சேர்ந்த பானம் என்று கண்டவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பற்றிக் மக்கவர்ன். அதை டொக்பிஷ் ஹெட் ஆலை மறுபடி காய்ச்சி விற்றது.

சேர்த்த பொருள் வாயில் தெரிகிறதா, செய்தித்தாளில் மட்டும் தெரிகிறதா என்பதே என் உரைகல். பாண் தெரியாது, ஆனால் வீணாவது குறையும், அதனால் ஏற்கலாம். தேன் தெரியும். தாடி எங்கும் தெரியாது, அதைச் சொல்லிச் சிரிக்கலாம்.

நோர்வேயின் ‘குவைக்’ மதுவத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். பண்ணை வீடுகளில் தலைமுறையாகப் பேணிய மதுவம் அது. மரவளையத்தில் தோய்த்துக் காயவைத்துத் தொங்கவிடுவார்கள். ஒரு வீட்டில் கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவார்கள். உறைமோர் தீர்ந்தால் கிண்ணத்தோடு அயல் வீட்டுக்குப் போகிறோமே, அதே காரியம். சாதாரண மதுவங்கள் 20 பாகையைச் சுற்றி வேலை செய்யும். வெப்பம் ஏறினால் தாறுமாறான வாசனைகளை விடும். குவைக் 35, 40 பாகையிலும் முகம் சுளிக்காது. பனி நாட்டில் பிறந்தும் வன்னி வெக்கைக்குப் பொருந்தும் பிறவி. டின்னில் இந்தப் பெயரைக் கண்டால் தோடம்பழத் தோலின் வாசம் வருகிறதா என்று பாருங்கள்.

ஊற்றும் முறையும் வரிசையும்

டின்னோடு வாயில் வைக்க வேண்டாம். மணம் முழுவதும் தகரத்துக்குள் அடைபட்டுவிடும். தேநீர் குடிக்கும் கண்ணாடிக் கிளாஸ் போதும். சவர்க்கார வழுவழுப்பு இல்லாமல் கழுவி, ஈரம் வடிந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பசை நுரையைக் கொல்லும். கிளாஸைச் சரித்துப் பாதிவரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் நுரை நிற்கும்.

ஐஸ் கட்டி போடுபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. லாகரை மட்டும் நன்றாகக் குளிரக் குடியுங்கள். ஐ.பி.ஏ., புளிப்பு பியர் ஆகியவற்றைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம், கனத்த ஸ்டவுட்டைப் பத்து நிமிடம் வெளியே வைத்து ஊற்றுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும் அரை மணி நேரம் நம் காலநிலைக்குச் செல்லாது. அதற்குள் கூழ் போலச் சூடாகிவிடும்.

வரிசை: இலேசானது முதலில், பிறகு புளிப்பு, பிறகு கைப்பு, கறுப்பும் கனமும் கடைசி. ஒவ்வொருவருக்கும் 80 மில்லிலீற்றர் அளவுக்கு மேல் வேண்டாம். இடையில் தண்ணீர். மூன்று வகைக்கு மேல் ஒரே இருப்பில் போனால் நாக்கு பொய் சொல்லத் தொடங்கும்.

நாக்குக்குத் தமிழ்ச் சொல்

சுவையைச் சொல்ல ஆங்கிலச் சொல் தெரியவில்லை என்று வெட்கப்படுபவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் சொல் குறைவில்லை. ஹொப்ஸின் கைப்பைப் பாகற்காய்க் கைப்பு, வேப்பம்பூக் கைப்பு, ஒடியல் கைப்பு என்று பிரித்துச் சொல்லலாம். தொண்டையில் நிற்பது எது, நாக்கில் பட்டு மறைவது எது என்று எல்லோருக்கும் புரியும். புளிப்பில் தயிர்ப் புளிப்பு, எலுமிச்சைப் புளிப்பு, பழம்புளிப் புளிப்பு, வினாகிரிப் புளிப்பு உண்டு. தயிர்ப் புளிப்பு பியரில் எதிர்பார்க்கக்கூடியது. வினாகிரி ஏறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, பின்னேரக் கள்ளின் கதைதான். தேயிலைச் சாயம் போல நாக்கை இழுத்தால் துவர்ப்பு. ஸ்டவுட்டில் கோப்பி, கருகிய பனங்கட்டி, சட்டியில் அடிப்பிடித்த பால்.

பழுதையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். நனைந்த காட்போட் மட்டை மணத்தால் பழையது. பட்டர் மணம் தூக்கினால் மதுவம் வேலையை முடிக்கும் முன்பே அவசரப்பட்டு அடைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். மாட்டுத் தொழுவ வாசம் வந்தால் மட்டும் உடனே வெளியே ஊற்றிவிடாதீர்கள். பெல்ஜியத்தின் லம்பிக் வகையில் அது வேண்டுமென்றே விடப்படுவது. பிரசெல்ஸ் பக்கத்தில் குளிர்காலத்தில் கொதித்த சாற்றை அகன்ற திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிடுவார்கள். காற்றிலும் கூரையிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் காட்டு மதுவம் தானாக வந்து சேரும். பிறகு ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுச் சரக்குகளைக் கலந்து போத்தலில் அடைத்தால் கூஸ் என்று பெயர்.

பெரியப்பாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் அதிசயப்படவில்லை. பாளையில் வடிவது இனிப்புச் சாறு. முட்டியில் விழுந்த கணத்திலிருந்து அதைக் கள்ளாக்குவது காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவமும் பக்டீரியாவும். யாரும் போடுவதில்லை. வேண்டாம் என்றால்தான் முட்டிக்குச் சுண்ணாம்பு பூச வேண்டும். அப்போது கிடைப்பது கருப்பணி. “மூன்று வருடம் காத்திருக்க அவர்களுக்கு வேறு வேலை இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

கூடவே சாப்பிட

இதில் நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஐ.பி.ஏ. உறைப்பைத் தூக்கிக் காட்டும். மிளகாய் அள்ளிப் போட்ட கணவாய்ப் பிரட்டலோடு வைத்தால் வாய் எரியும். பொரித்த விரால் துண்டோடு லாகர் நன்று. நந்திக்கடல் இறாலுக்கும் நண்டுக்கும் புளிப்பு பியர், எலுமிச்சை பிழிந்த மாதிரி. ஸ்டவுட்டுக்குப் பனங்கட்டி ஒரு கடி. புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் எதனோடும் போகும்.

டின் இல்லாதவர்கள் எங்கே போவது

கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் லாகரும் ஸ்டவுட்டும்தான் கிடைக்கும். போயா தினத்தில் அதுவும் இல்லை. சிறு அளவில், உள்ளூர்ப் பொருளில், காட்டு மதுவத்தில், அன்றன்று வெளியாகும் பானம் வேண்டுமென்றால் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் தவறணைக்குப் போங்கள். அமெரிக்காவில் இதற்கெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள்.

பனைப் பருவத்தில், கள்ளு வந்து இறங்கும் நேரத்தை விசாரித்து அந்த நேரத்துக்கே போக வேண்டும். பலருடைய முட்டிகளும் ஒரு பீப்பாயில் சேர்வது வழக்கம். அதுவும் ஒரு கூட்டு வெளியீடுதான், பெருக்கல் குறி மட்டும் இல்லை. அறிமுகம் இருந்தால் தனிப்பனைக் கள்ளு கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு மரத்தின் கள்ளு மற்ற மரத்தினதைப் போல இருக்காது என்பதை அப்போதுதான் நாக்கு நம்பும். பனையோலையை மடித்துச் செய்த பிளா கிடைத்தால் அதில் குடியுங்கள். ஓலை வாசமும் சேர்ந்து வரும். போத்தலில் அடைத்த கள்ளு வேறு பொருள். நொதித்தல் நிற்பதற்காகச் சூடாக்கியிருப்பதால், தூரப் பயணத்துக்கும் அன்பளிப்புக்கும் உதவும். முட்டிக் கள்ளின் துடிப்பை அதில் தேடக்கூடாது. புதியவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால், ஆலையில் அடைக்கும்போது ஒரு பானம் எதை இழக்கிறது என்பது ஒரே மாலையில் விளங்கிவிடும்.

சொந்தக் கூட்டு ஒன்றுக்கு ஆசைப்பட்டால்

அனுமதிப்பத்திரம் இல்லாமல் இங்கே மதுபானம் காய்ச்சுவது குற்றம். வீட்டில் வாளியும் குழாயும் வைத்துப் பரிசோதிக்க வேண்டாம். கனடாவில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்சலாம்; மருமகன் 20 லீற்றர் கலத்தில் காய்ச்சுகிறான். ஆகவே எங்கள் கூட்டு இப்படி: செய்முறை வட்டக்கச்சியில், அடுப்பு டொரன்டோவில்.

எதை அனுப்பலாம் என்று திண்ணையில் இருந்து நீண்ட நேரம் பேசினோம். பாலைப்பழம் மனதுக்கு உகந்தது, ஆனால் பறித்த மறுநாளே குழைந்துவிடும். பனங்களியைப் பெரியப்பா சொன்னார். அதன் கைப்புக்குக் காரணமான பிளாபெலிபெரின் என்ற பொருட்களில் சில மதுவத்தின் வளர்ச்சியையே தடுக்கும் என்று வாசித்திருந்ததால் விட்டுவிட்டோம். பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி சரிவரும். ஆனால் அரிசியில் மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியம் இல்லை, எனவே முதலில் குழைய வேகவைத்து, பார்லி மோல்ட்டோடு சேர்த்து ஊறவிட வேண்டும். மோல்ட்டுக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது பாதுகாப்பு.

கடைசியில் பனங்கட்டியில் வந்து நின்றோம். பனங்கட்டியின் சீனி ஏறக்குறைய முழுவதும் மதுவத்துக்கு இரையாகிவிடும் என்பதைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. இனிப்பு மிஞ்சாது, மதுசாரம் ஏறும், பியரின் கனம் குறையும், புகையும் மண்ணும் கலந்த ஒரு பின்சுவை மட்டும் தங்கும். அந்தச் சுவை அடுப்பில் ஓடிவிடாமல் இருக்க, கொதி முடிவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் சேர்க்க வேண்டும். கறுத்த ஸ்டவுட், அரிசி கொஞ்சம், பனங்கட்டி ஒரு கிலோவுக்குள், மதுவம் குவைக் என்று முடிவாயிற்று. பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டான்கள் எத்தனை அனுப்ப வேண்டும் என்று கணக்குப் பார்க்க, ஒன்றின் நிறை என்ன என்று மருமகன் கேட்டு எழுதினான். சந்தையில் மூன்று வாங்கி வந்து நிறுத்தேன். மூன்றும் மூன்று நிறை. “இன்னும் ஒன்று கூடப் போட்டு அனுப்பு, வழியில் எறும்பு தின்னும்” என்றார் பெரியப்பா.